மலையில் விளைவது யார் தட்டுக்குப் போகிறது? கொங்கு மலைப் பழங்குடிகளின் உணவு உரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்தியமங்கலம், பர்கூர், ஆனைக்கட்டி, ஆனைமலை, கொல்லிமலை. கொங்கு நாட்டைச் சுற்றி நிற்கும் இந்த மலைகளில் வாழும் மக்களின் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால், சமவெளியில் இருக்கிற நாம் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். அவற்றை இங்கே தொகுத்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

ரேஷனில் அரிசி சும்மா கொடுக்கிறார்கள். யாரும் பட்டினி கிடக்கவில்லை. அப்புறம் என்ன 'உணவு இறையாண்மை'?

வயிறு நிறைவது உணவுப் பாதுகாப்பு. எதை விதைப்பது, எதைச் சாப்பிடுவது, எந்த ஓடையில் மீன் பிடிப்பது, எந்தச் சரிவில் கிழங்கு தோண்டுவது என்பதையெல்லாம் அந்த ஊர்க்காரர்களே முடிவு செய்துகொள்வது உணவு இறையாண்மை. லா வியா கம்பெசினா என்னும் உலக உழவர் இயக்கம் 1996இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாட்டை ஒட்டி இந்தக் கருத்தை முன்வைத்தது. 2007இல் மாலி நாட்டின் நியெலெனியில் உழவர்களோடு மீனவர், மேய்ச்சல்காரர், பழங்குடிகள் எல்லோரும் கூடி அதை விரிவாக எழுதினார்கள். அதே 2007இல்தான் பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. தங்கள் விதைகளின் மீதும் வாழ்வாதாரத்தின் மீதும் அவர்களுக்கு உள்ள உரிமையை அது சொல்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது.

சுருக்கமாகச் சொன்னால், அரிசி கிடைக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், ராகி விதைக்க நிலமும் கிழங்கு எடுக்கக் காடும் இருக்கிறதா என்று கேட்பதுதான் இது.

கொங்கு நாட்டில் எந்தெந்தப் பழங்குடிகள் இருக்கிறார்கள்?

கோவையின் மேற்கு ஓரத்திலும் மேட்டுப்பாளையம் பக்கமும் இருளர். பொள்ளாச்சி, வால்பாறை, டாப்சிலிப் பக்கம் காடர், மலசர், மலைமலசர், எரவாளர். உடுமலைக்கு மேலே குழிப்பட்டி, குருமலை, தளிஞ்சி போன்ற ஊர்களில் முதுவரும் புலையரும். சத்தியமங்கலம் மலையில் ஊராளி, சோளகர், இருளர். நாமக்கல் கொல்லிமலையில் மலையாளிகள். பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று நினைத்துவிட வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் கன்னடம் பேசும் லிங்காயத்துகளும் உண்டு. பழங்குடிப் பட்டியலில் இல்லாவிட்டாலும் அவர்கள் வாழ்க்கையும் காட்டோடுதான்.

அவர்களுடைய பாரம்பரிய உணவு என்று எதைச் சொல்வது? தேனும் தினைமாவுமா?

தேனும் தினைமாவும் நம் பக்திப் பாட்டில் வருகிற சாப்பாடு. அன்றாடத்தில் முதலிடம் ராகிக் களிக்கு. அடுத்தது சாமைச் சோறு. தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டைக் குழம்போ கீரைக் கடைசலோ இருக்கும். தினை, பனிவரகு, துவரை, கடுகு ஆகியவையும் அதே நிலத்தில் கலந்து விளையும். மழைக்காலத்தில் காளானும் மூங்கில் குருத்தும், ஓடையில் நண்டும் மீனும். தானியம் தீர்ந்துபோகும் மாதங்களில் கைகொடுப்பது கவலை, நூரை, வள்ளி என்று வழங்கும் காட்டுக் கிழங்குகள்.

கீரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பண்ணைக்கீரை, குமிட்டி, தொய்யக்கீரை, சுக்குட்டி. இவற்றை யாரும் விதைப்பதில்லை. ராகிக்கு இடையில் தானாக முளைப்பதைக் களையெடுக்கும்போது பறித்து முந்தானையில் கட்டிக்கொண்டு வருவார்கள். களைதான், ஆனால் அன்றைய குழம்பும் அதுதான். நம் மேட்டாங்காடுகளிலும் ஒரு காலத்தில் இதே பழக்கம் இருந்தது. சோளக்காட்டில் பறித்த கீரை ருசி தெரிந்த பாட்டிமார் இன்னமும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் ஏன் குறைந்தது? அவர்களே விட்டுவிட்டார்களா?

அவர்களே விட்டதும் உண்டு. பையன் பள்ளி விடுதியில் சோறும் சாம்பாரும் சாப்பிட்டு வளர்ந்தால் வீட்டுக் களி இறங்காது. ஆனால் அதற்கு முன்பே நடந்தவை பல.

முதலாவது, காடு கைவிட்டுப் போனது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மலைகளை ஒதுக்குக் காடுகளாக்கியது. அதன் பிறகு இடம் மாற்றி மாற்றி விதைக்கும் பழைய முறை குற்றமானது. ஆனைமலையில் தேக்குத் தோட்டங்கள் வந்தன, 1890களில் தொடங்கி வால்பாறை தேயிலையானது. பிறகு பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். பொள்ளாச்சி, உடுமலைத் தென்னைகள் குடிக்கும் தண்ணீரின் ஒரு பகுதி காடர்கள் கிழங்கு தோண்டிய பள்ளத்தாக்குகளில்தான் தேங்கி நிற்கிறது. சத்தியமங்கலம் மலையிலோ வீரப்பனைத் தேடிய காலம் முழுக்க, அவன் 2004இல் கொல்லப்படும் வரை, காட்டுக்குள் போய் வருவதே உயிர்ப் பயமாக இருந்தது. ஒரு தலைமுறை அப்படிக் காட்டுப் பக்கம் போகாமல் இருந்தால் எந்தக் கொடியின் அடியில் எந்தக் கிழங்கு என்று சொல்லிக்கொடுக்க யாரும் மிஞ்சமாட்டார்கள்.

இரண்டாவது, பணப்பயிர். கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த சரிவுகளுக்கு மரவள்ளி ஏறியது. கிழங்கு சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. கடம்பூர், தாளவாடி பக்கம் ராகிக்காடு மக்காச்சோளக்காடாகி, விளைச்சல் கோழித் தீவனத்துக்குப் போகிறது. நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் தீனி வேண்டுமே. விவசாயி மேல் தப்பு சொல்ல முடியாது: மக்காச்சோளத்தை வீட்டு வாசலுக்கே லாரி வந்து எடுத்துக்கொள்கிறது, சாமையை வாங்க யார் வருகிறார்கள்? ஆனால் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்தால் மேலே சொன்ன கீரையும் போச்சு, ஊடுபயிர் அவரையும் போச்சு. பையில் பணம் வருகிறது, தட்டில் சோறு மட்டும் மிஞ்சுகிறது.

மூன்றாவது, யானையும் காட்டுப்பன்றியும். காட்டை ஒட்டிய அரை ஏக்கர் ராகிக்கு இரவெல்லாம் பரண் மேல் காவல் இருக்க வேண்டும். வீட்டில் இளவட்டங்கள் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் பரணில் யார் உட்காருவது?

நான்காவது, உண்ணிச்செடி. வேலிக்கு அழகாக இருக்கும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி இப்போது காட்டின் அடித்தளத்தையே மூடிக் கிடக்கிறது. அதன் அடியில் புல்லும் வருவதில்லை, கிழங்குக் கொடியும் ஏறுவதில்லை. முன்பு கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு லேசாகத் தீ வைப்போம், அதை நிறுத்திய பிறகுதான் உண்ணி பெருகியது என்று சோளகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். வனத்துறை இதை ஏற்பதில்லை. மலையைத் தினமும் பார்த்தவர்கள் சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் ரேஷன் அரிசிதான் வில்லனா?

இல்லவே இல்லை. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசிக்கு விலை கிடையாது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. மழை பொய்த்த வருடத்தில் மலையில் அடுப்பு எரிவது அதனால்தான். "அரிசி கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று கோவையில் உட்கார்ந்துகொண்டு பேசுவது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் உண்டு, தீட்டிய அரிசியில் அது 10ஐத் தொட்டாலே அதிகம். களி இருந்த இடத்தில் சோறு மட்டும் உட்கார்ந்து, கூடவே கீரையும் கிழங்கும் மீனும் விலகிப்போனால், கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அது தெரியும். ஆனைக்கட்டிக்கு அந்தப் பக்கம், கேரளத்து அட்டப்பாடியில், 2013 வாக்கில் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடெங்கும் பேசப்பட்டது. அதற்குப் பின் கேரள அரசு அங்கே ராகி, சாமை, துவரையைத் திரும்ப விதைக்க வைக்கச் சிறுதானியக் கிராமத் திட்டம் கொண்டுவந்தது. இன்று அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடே உண்டு.

ரேஷனிலேயே ராகி கொடுத்தால் என்ன?

நல்ல யோசனை. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். கொள்முதல் செய்வதில் ராகிக்கு ஒரு வசதி உண்டு: மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறது, 2025–26க்கு குவிண்டால் 4,886 ரூபாய். சாமை, தினை, பனிவரகுக்கு அப்படித் தனியாக ஒரு விலை அறிவிப்பதில்லை.

சாமை ஏன் ராகியைவிட வேகமாக மறைந்தது?

உமி. ராகியை அடித்துத் தூற்றித் திரித்தால் மாவு, மாவைக் கிண்டினால் களி. சாமை அப்படியில்லை. மேல் உமி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, திரும்பக் குத்தி, கல் பொறுக்கி ஒரு வேளைச் சோறாக்குவதற்குள் ஒரு பெண்ணின் காலைப்பொழுது போய்விடும். நூறு கிலோ தானியத்தில் அரிசியாகக் கைக்கு வருவது அறுபது கிலோ சுமார்தான். கடையில் தீட்டிய அரிசி சும்மா கிடைக்கும்போது யார் உலக்கை பிடிப்பார்கள்? பாரம்பரியம் அழிகிறதே என்று மேடையில் வருத்தப்படுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள், உலக்கை பிடித்த கை அவர்களுடையது அல்ல.

இதைச் சரியாகப் பிடித்த வேலை கொல்லிமலையில் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதை வங்கிகளோடு ஊர்களில் சிறிய உமி நீக்கும் இயந்திரங்களையும் வைத்து, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தது. அதுவரை மலையில் விளைந்த தானியத்தை அரைக்க வேண்டுமானால் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். இறங்கிப் போனது அங்கேயே விற்றுவிடும், திரும்பி வருவது பணமாகத்தான் வரும். ஊருக்குள் ஒரு மெஷின் வந்தால் தானியம் வீட்டிலேயே தங்க ஒரு வழி பிறக்கிறது. ஒரு மலைக்கிராமத்துக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். அப்புறம் அதைப் பழுது பார்க்க ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பது. கற்றுக்கொடுக்காவிட்டால் பெல்ட் அறுந்த அன்றோடு கதை முடிந்தது.

காட்டில் கிழங்கு தோண்டுவதும் தேன் எடுப்பதும் சட்டப்படி குற்றம் இல்லையா?

காட்டில் வாழ்ந்துவரும் பழங்குடிகளுக்கு அது உரிமை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன், மெழுகு, மூங்கில், மூலிகை, வேர், கிழங்கு எல்லாவற்றையும் சிறு வனப் பொருள் என்று பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. அவற்றைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் வழிவழியாகச் சேகரித்து வந்தவர்களுக்கு உடைமை உரிமை உண்டு. நீர்நிலைகளில் மீன் பிடிப்பதும் கால்நடை மேய்ப்பதும் அடுத்த உட்பிரிவில் வருகின்றன. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து உழுதுவரும் நிலத்துக்குக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை தனிப் பட்டா கேட்கலாம். அது ராகிக்காட்டுக்கான வழி. கிழங்குக்கும் தேனுக்கும் வழி, ஊரே சேர்ந்து வாங்கும் சமூக உரிமை.

இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். தனிப் பட்டா வாங்கித் தந்தாலே வேலை முடிந்தது என்று அதிகாரிகளும் நினைக்கிறார்கள், மக்களும் நினைத்துவிடுகிறார்கள். அரை ஏக்கர் பட்டாவில் காட்டுக்கிழங்கு வராது. சமூக உரிமைப் பத்திரம் இல்லாவிட்டால் தேன் குடுவையோடு வருபவர் வனக்காப்பாளரின் நல்ல மனதை நம்பித்தான் நடக்க வேண்டும்.

புலிகள் காப்பகத்திலும் இது செல்லுமா?

செல்லும். சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமானது, ஆனைமலை 2007இல். இரண்டிலும் வன உரிமைச் சட்டம் அப்படியே பொருந்தும். உரிமைகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. தாளவாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும், கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலைப் புலிகள் காப்பகத்தில் 2011இலேயே சோளகர்களுக்குச் சமூக வன உரிமை கொடுத்தார்கள். ஒரே காடு, ஒரே மக்கள், நடுவில் மாநில எல்லை.

வேட்டை?

கிடையாது. வன உரிமைச் சட்டம் வேட்டையைத் தெளிவாக விலக்கியிருக்கிறது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது.

2006இல் வந்த சட்டம் நம் மாவட்டங்களில் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்ந்தது?

தமிழ்நாட்டுக்கென்று ஒரு காரணம் உண்டு. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவில், மனுக்களை விசாரிக்கலாம், ஆனால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் பட்டா வழங்கக் கூடாது என்றது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும் வரை மற்ற மாநிலங்கள் போன வேகத்தில் இங்கே எதுவும் போகவில்லை.

இன்னொரு சிக்கல் கிராம சபை. தூமனூர், சேம்புக்கரை போன்ற மலைப் பதிகள், அதாவது பழங்குடிக் குடியிருப்புகள், பெரிய ஊராட்சிகளின் ஓரத்தில் தொங்குகின்றன. ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராம சபை கூட்டினால் அங்கே கீழூர்க்காரர்கள்தான் பெரும்பான்மை. கிழங்கு தோண்டும் உரிமை அவர்கள் பேச்சில் எப்படி வரும்? பதி அளவில் சபை கூட்டச் சட்டத்தில் இடம் உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சாதிச் சான்று இல்லாதவர்கள் என்ன செய்வது?

கொங்கு மலைகளில் இது பெரிய கேள்வி. மலையாளிகள் பழைய சேலம், தருமபுரி உள்ளிட்ட சில மாவட்டங்களில் மட்டும் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால் கொல்லிமலை மலையாளி பழங்குடி, பர்கூரிலும் கடம்பூரிலும் இருக்கும் அவருடைய சொந்தக்காரர் பழங்குடி இல்லை. உடுமலை மலைப்புலையரும் தங்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரி வருகிறார்கள்.

பட்டியலில் இல்லாதவர்களும் 'பிற பாரம்பரிய வனவாசிகள்' என்ற வகையில் உரிமை கேட்கலாம். ஆனால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அந்தக் காட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ரேஷன் கார்டே அண்மையில் வாங்கியவரிடம் 75 ஆண்டு ஆதாரம் கேட்டால்? பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம், பழைய கல்லறை, கோயில், கிணறு ஆகியவையும் ஆதாரமாகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பர்கூர் மாட்டுப் பிரச்சினைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பாலும் நெய்யும் மோரும் உணவுதானே. செம்மையில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மாடு தொழுவத்தில் கட்டிப்போட்டு வளர்கிற இனம் அல்ல. காட்டுக்குள் பட்டி போட்டு, மாதக்கணக்கில் மேய்ந்து வளர்வது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. 2024இல் அந்தியூர், கோபி வட்டங்களில் 80,000 ஹெக்டேருக்கு மேல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேய்ச்சல் உரிமை பதிவாகாமல் இருந்தால் இந்த இரண்டும் சேர்ந்து பட்டிகளைக் காலி செய்துவிடும் என்பது மலைக்காரர்களின் பயம். இன விருத்திக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மேய்வதற்கு இடம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

விதையைச் சேர்த்துவைத்து விற்றால் கம்பெனிக்காரர்கள் வழக்குப் போடுவார்களா?

போட்டாலும் சட்டம் உழவர் பக்கம்தான். பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, உழவர் தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க உரிமை தருகிறது. பிராண்டு பெயர் போட்ட பொட்டலமாக விற்பதற்கு மட்டும் தடை.

ஊரெங்கும் சிறுதானியக் கடை, கல்யாணத்தில் தினைப் பாயசம். மலைக்காரர்களுக்கு இது லாபம்தானே?

கொஞ்சம் லாபம், கொஞ்சம் இடைஞ்சல். 2023 உலகச் சிறுதானிய ஆண்டுக்குப் பிறகு கோவையில் சாமை அரிசி விலை நல்ல பொன்னி அரிசியைத் தாண்டி நிற்கிறது. ஆனால் மலையில் உமியோடு மூட்டையாக விற்பவருக்கு அந்த விலையில் எவ்வளவு போகிறது என்பது உமி நீக்கும் இடத்திலும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்திலும் இருக்கிறது. நல்ல விலைக்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டு ரேஷன் அரிசி பொங்கும் வீடும் உண்டு. இதைத் தவிர்க்கச் சிலர் முதலில் வீட்டுக்கு, மீதி சந்தைக்கு என்று நடத்துகிறார்கள். கோத்தகிரியில் பழங்குடிகளே பங்குதாரர்களாக இருக்கும் ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் தேன், சிறுதானியம், காப்பி ஆகியவற்றைப் பக்குவப்படுத்தி விற்கிறது. 2023இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தது.

நானும் காட்டுக்கிழங்கு தோண்டிச் சாப்பிட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். சட்டத்தை விடுங்கள், சில காட்டுக்கிழங்குகள் நஞ்சு. அவற்றை நறுக்கி ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றி அவித்துத்தான் சாப்பிடுவார்கள். எது எந்த வகை என்று தெரிந்தவர்கள் தோண்டும்போது கொடியோடு தலைப்பகுதியை விட்டுவிட்டு மண்ணை மூடிவிடுவார்கள், அடுத்த மழைக்கு அது திரும்ப வரும். யூடியூப் பார்த்துக் கடப்பாரையோடு போகிறவர்களால் வருவது வெறும் குழி.

தேன் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

பாறையில் எடுக்கும் மலைத்தேனா, பொந்துத்தேனா, கொம்புத்தேனா, கொசுத்தேனா என்று கேளுங்கள். எந்த மலை, எந்த மாதம் எடுத்தது என்று கேளுங்கள். வருடம் முழுக்க ஒரே நிறம், ஒரே ருசி என்றால் யோசியுங்கள். சாலையோரம் வாளியில் அடையை மிதக்கவிட்டு விற்பதைக் கண்டால் வண்டியை நிறுத்தாதீர்கள்.

எங்கள் பதிக்குச் சமூக உரிமை கேட்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பதியில் சபை கூட்டி வன உரிமைக் குழு அமையுங்கள். சமூக உரிமைக்கு படிவம் 'ஆ', காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமைக்கு படிவம் 'இ'. பிறகு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, கிழங்கு தோண்டும் சரிவு, தேன் பாறை, மீன் மடுவு, மாட்டுப்பட்டி, சாமி இடம் எல்லாவற்றையும் பெயரோடு வரைபடத்தில் குறியுங்கள். வேர், கிழங்கு, காட்டுப்பழம் சேகரிக்கும் இடங்களும் மேய்ச்சல் நிலமும் மீன் பிடிக்கும் இடமும் சமூக உரிமைக்கு ஆதாரம் என்று விதிகளிலேயே இருக்கிறது, ஆகவே பாட்டிமார் சொல்லும் இடப்பெயர்களை விட்டுவிடாதீர்கள். தீர்மானம் நிறைவேறச் சபையில் பாதிப்பேராவது இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அங்கிருந்து மனு கோட்ட அளவிலான குழுவுக்கும், பின்னர் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். ஒவ்வொரு இடத்திலும் தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கி, ஒரு நகலைப் பதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.